அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த நெஞ்சுவலி

என் மகள் அமெரிக்காவில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஒப்பந்தம் முடியும் முன்பே விட்டுவிட்டு வந்ததற்குக் காரணம் என் நெஞ்சுவலி. எங்கள் தெருவில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லும்போது அவளைப் பாராட்டுவார்கள். அப்படியொரு பெண்ணைப் பெற்றவன் என்று என்னையும் சேர்த்துப் பாராட்டுவார்கள். எனக்கு அப்போது நெஞ்சுவலி எதுவும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து அதை எழுதிவைப்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்று தெரியும். ஆனால் பாராட்டு நின்றபாடில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில், கோயில் குளத்துக்குச் சில வீடுகள் தள்ளி இருக்கிறது. அந்தக் குளம் மிகப் பெரியது. தெருவின் மற்றப் பெண் குழந்தைகள் படித்துறையில் முங்கி எழுந்து வீட்டுக்குத் திரும்புவார்கள். என் மகள் அக்கரைக்குப் போய்விடுவாள். என் மனைவி படித்துறையில் நின்று கத்துவாள். அக்கரையில் துணி துவைக்கிறவர்கள் இவளைத் திருப்பி அனுப்புவார்கள், அதுவும் நீந்தித்தான். கல்லூரிக்குப் போனதும் பல்கலைக்கழக அணியில் நீந்தினாள். கோப்பைகள் வாங்கிவந்தாள். அவற்றில் பெரியதில் என் மனைவி கரண்டிகளைப் போட்டுவைத்தாள். எதற்கும் உதவாத திறமை என்பது என் எண்ணம். ஆனால் ஆட்சேபம் சொன்னதில்லை. தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தே தலை நரைத்த ஒருவன் ஆட்சேபம் சொல்லாமல் இருப்பதே பெரிய தாராளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அவள் பி.எஸ்ஸி. பரீட்சை எழுதி முடித்த கோடையில் அந்த வேலை கிடைத்தது. அமெரிக்காவின் வடகிழக்கில் ஓர் ஏரிக்கரை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் விடுமுறைக்கு வீட்டை விட்டு வந்து மரக்குடில்களில் தங்கும் முகாம். அவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர்கள் தண்ணீரில் இருக்கும்போது கரையில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் வேலை. ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் கடைசியில் முடியும். வெளிநாட்டு மாணவர்களை இப்படிக் கோடைக்கு மட்டும் எடுத்து அனுப்பும் ஓர் ஏற்பாடு அப்போது இருந்தது. சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பதற்கு ஒரு தேசம் விசா கொடுக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

ஆனால் அவளுக்கு அது வெறும் கோடை வேலை இல்லை. முகாமை நடத்திய அம்மாள் மற்ற மாதங்களில் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் உடற்கல்விப் பேராசிரியை. தன்னிடம் இரண்டு கோடை ஒழுங்காக வேலை பார்த்தவர்களை உதவித்தொகையோடு அந்தக் கல்லூரியில் சேர்த்துவிடுவது அவர் வழக்கமாம். இதை மகள் பெட்டி அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு சீசன் அப்பா. இந்த வருஷம் ஒண்ணு, அடுத்த வருஷம் ஒண்ணு. அப்புறம் என் படிப்புக்கு நீங்கோ ஒண்ணும் பண்ண வேண்டாம். நடுவுல விட்டுட்டுப் போனா மட்டும் அடுத்த தடவை கூப்பிட மாட்டாளாம். அதான் அங்க கணக்கு."

"நீ எதுக்கு நடுவுல விட்டுட்டு வரப்போறே?" என்று நான்தான் கேட்டேன்.

அந்த வருஷம்தான் எனக்கு அறுபது நிறைந்தது. மே மாதம் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவனுக்குத் தெருவில் மிஞ்சும் ஒரே விசேஷம் சஷ்டியப்தபூர்த்தி. புருஷனையும் பெண்டாட்டியையும் மறுபடி மணையில் உட்கார்த்தி, மந்திரம் ஜபித்த கலச ஜலத்தைப் பிள்ளைகளும் உறவுக்காரர்களும் தலையில் ஊற்றி, திரும்பவும் தாலி கட்டச் சொல்வார்கள். எங்களுக்கு ஒரே பெண். அவள் இல்லாமல் அது நடக்காதா என்றால், பேஷாக நடக்கும். ஆனால் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. அதை நானே செய்து வைத்திருந்தேன்.

எதிர்வீட்டுக்காரருக்கு எனக்குச் சில வருஷம் முன்பு அறுபது வந்தது. அமெரிக்காவில் இருந்த அவருடைய பிள்ளை வரவில்லை. விசேஷத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒரு வீடியோ கேமராவை அனுப்பியிருந்தான். பந்தியில் உட்கார்ந்து, "பிள்ளைக்குப் பதில் கேமரா வந்திருக்கு, அதுகிட்ட ஜலம் ஊத்தச் சொல்லுங்கோ" என்று நான் சொன்னேன். பாயசத்தோடு எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறக்கவில்லை.

என் அறுபது நெருங்கியபோது, குளத்தங்கரையில் என்னைப் பிடித்தார்.

"ஓய், உமக்கு எப்போ?"

"ஆவணியில."

"பொண்ணு வராளா, இல்லை, கேமராவா?"

"வருவா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தேதி பார்த்தேன்.

தேதி பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்குப் பிறந்தநாள் என்பது தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாள். நான் அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும் பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதிதான் என் பிறந்தநாள். நட்சத்திரத்தை முதலில் அம்மாவும் பிறகு மனைவியும் கவனித்துக்கொண்டார்கள். அது வந்ததற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் சாப்பாட்டில் பாயசம். இப்போது நானே சமையலறைச் சுவரில் தொங்கிய மலையாளப் பத்திரிகைக் காலண்டரை எடுத்து, சிங்ங மாதத்தைப் புரட்டினேன். சிங்ஙமும் எங்கள் ஆவணியும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வாரத்திலேயே என் நட்சத்திரம் இருந்தது. கீழே பார்க்கவில்லை. அன்றே சமூக மடத்தில் கூடத்தைச் சொல்லிவைத்தேன். ஓணம் நெருக்கத்தில் அச்சகத்தில் இடம் கிடைக்காது என்பதால் பத்திரிகையும் அடிக்கக் கொடுத்தேன். எங்கள் வாத்தியார் அப்போது ஒரு குடும்பத்துக்காக பம்பாய் போயிருந்தார். நான் அவரிடம் கேட்டுத்தான் நாள் குறித்திருப்பேன் என்று மனைவி நினைத்தாள். தப்பாக இருந்தால் மனைவி சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்தேன்.

மகள் சனிக்கிழமைகளில் எங்கள் சாயங்காலத்தில், அவளுடைய காலையில், முகாம் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவாள். அந்தச் சனிக்கிழமை, தேதியைச் சொல்லி, வர முடியுமா என்று நேர்மையாகவே கேட்டேன்.

"ஐயோ, ஆவணி ஆரம்பத்துலயா?" என்றாள். "ஆகஸ்ட் முடிஞ்சுன்னா நான் பறந்து வந்திருப்பேனே. கொஞ்சம் தள்ளி வெச்சுக்க முடியாதா?"

"நட்சத்திரத்தைத் தள்ளி வைக்க முடியுமாடி?"

"சாரமில்லை அப்பா, பரவாயில்லை. நீங்கோ ரெண்டு பேரும் ஜம்முனு உக்காருங்கோ. நான் வந்தப்புறம் தனியா நமஸ்காரம் பண்ணிக்கறேன். யாராவது வீடியோ எடுப்பாளா?"

வீடியோ என்றதும் எனக்குக் காது சுட்டது.

அடுத்த வாரம் எனக்குச் சளி. குரல் கம்மியிருந்தது. அவள் அதைக் கேட்டுவிட்டு, "என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கே?" என்றாள்.

"ஒண்ணுமில்லை" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் அது சளியாகவே போயிருக்கும். நான் நிறுத்தினேன், ஆனால் தப்பான இடத்தில். "ஒண்ணுமில்லை, இங்க... நெஞ்சுல கொஞ்சம்..." என்று நிறுத்தினேன். மிச்சத்தை அவள் போட்டுக்கொண்டாள். வலிக்கிறதா, எத்தனை நாளாக, இடது கையில் உண்டா, வியர்க்கிறதா. உயிர் காக்கும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் வரிசையாகக் கேட்டாள். நான் எதற்கும் ஆமாம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில், "அம்மாகிட்ட சொல்லாதே, பயந்துடுவா" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகத் திறமையான வாக்கியம் அதுதான். இருந்த ஒரே சாட்சியை அது ஒதுக்கிவிட்டது. வருஷக்கணக்காகப் பிறருடைய மருத்துவச் சான்றிதழ்களைச் சந்தேகித்த அனுபவம் வீண் போகவில்லை.

நடுவில் ஒரு நாள் கூப்பிட்டு, சனிக்கிழமை கிளம்புகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்று சொன்னேன். எப்படிச் சொன்னால் நம்ப மாட்டார்களோ அப்படிச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வாத்தியார் பம்பாயிலிருந்து திரும்பி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைவிட இளையவர், என்னை அண்ணா என்று கூப்பிடுவார். மை காயாத பத்திரிகையை எடுத்து நீட்டினேன். வாசித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"அண்ணா, இந்த நாளை யார் குறிச்சுக் குடுத்தா?"

"ஏன்? என் நட்சத்திரம்தானே?"

"நட்சத்திரம்தான். ஆனா இந்த ஆவணியில அது ரெண்டு தடவை வரதே. ஆரம்பத்துல ஒண்ணு, கடைசியில ஒண்ணு. ரெண்டு வந்தா ரெண்டாவதைத்தானே எடுத்துக்கறது? தெருவுல எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லுமே!" என்று சிரித்தார். "பெரிய ஆபீசர். கீழ்வரியைப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேளே."

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். "நீங்கோ இவர்கிட்ட கேக்கவே இல்லையா?" என்றாள். காலண்டரைக் கொண்டுவந்து மூன்று பேரும் பார்த்தோம். செப்டம்பர் நடுவில், மாதம் முடியப்போகும் இடத்தில், என் நட்சத்திரம் அமைதியாக உட்கார்ந்திருந்தது. ஆகஸ்ட் முடிந்து இரண்டு வாரம் கழித்து. மகள் கேட்ட இடத்தில்.

"நல்லதாப் போச்சு" என்றாள் மனைவி. "கொழந்தை வேலையை முடிச்சுண்டே வந்துடலாம். நாளைக்குப் பேசும்போது சொல்லிடுங்கோ."

என் மகள் அதற்குள் டிக்கெட் மாற்றிவிட்டாள் என்பதோ, எதற்காக மாற்றினாள் என்பதோ அவளுக்குத் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் மணி அடித்தது. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள்.

"பெட்டி கட்டிட்டேன் அப்பா. மேடம் பக்கத்துலதான் இருக்கா. பஸ் மத்தியானம்தான். அதுக்குள்ள நீங்கோ தேவலைன்னு சொன்னா நான் போகவே வேண்டாம், என் இடம் அப்படியே இருக்குங்கறா. நெஜமாச் சொல்லுங்கோ. எப்படி இருக்கு?"

இந்த இடத்தை நான் மனதில் பலமுறை திருத்தி எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு திருத்தத்திலும் நான் நல்லவனாகவே வருகிறேன். நடந்தது வேறு. தேதி தள்ளிப்போய்விட்டது, நீ முடித்துக்கொண்டே வா என்று சொல்ல வாயெடுத்தேன். தேதியைச் சொன்னால் மட்டும் போதாது, நெஞ்சையும் சரிசெய்ய வேண்டும். நெஞ்சைச் சரிசெய்தால் அது எப்போது கெட்டது என்ற கேள்வி வரும். விசேஷத்தின் தேதியை மாற்றலாம், பத்திரிகையை மறுபடி அடிக்கலாம். மகளிடம் ஏமாற்றினேன் என்று சொல்வதற்கு எந்த அச்சகமும் கிடையாது.

"வந்துடும்மா" என்றேன்.

"சரிப்பா" என்றாள். பக்கத்தில் யாரோ அவளைத் தேற்றும் சத்தம் கேட்டது.

வருகிறாள் என்று மட்டும் சொல்லி மனைவியையும் விமான நிலையத்துக்கு அழைத்துப்போயிருந்தேன். மகள் வெளியே வந்ததும் முதல் காரியமாக என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். வெயிலில் கறுத்திருந்தாள், தோள் அகன்றிருந்தாள். மனைவி ஒன்றும் புரியாமல், "என்னடி இது, திடுதிப்புன்னு வந்து நிக்கறே?" என்றாள்.

"அம்மா, நீ பயப்படாதே. அப்பா நெஞ்சுக்கு..."

"என்ன நெஞ்சு? நேத்து ராத்திரி அடை போறும் போறும்னு அஞ்சு சாப்பிட்டாரே!"

ஆனால் அவளும் நம்பினாள். பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாது என்று நெஞ்சுவலியை மறைத்த புருஷன் என்று எனக்குப் பெயர் வந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பில்லை, காப்பி இல்லை, அடை இல்லை. எதிர்வீட்டுக்காரரே வந்து பார்த்துவிட்டு, "பொண்ணுன்னா இப்படின்னா இருக்கணும்" என்று கண்கலங்கினார். நான் ஜெயித்துவிட்டேன். உப்பில்லாத ரசத்தோடு ஜெயித்தேன்.

தேதி மாறியதைப் பற்றி மகளிடம், "வாத்தியார் வந்து மாத்திச் சொல்லிட்டார்" என்று மட்டும் சொன்னேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை. "சாரமில்லை, உங்க உடம்பு தேவலையானா போறும்" என்றாள்.

வந்த மூன்றாம் நாளே தெரிந்தவர் மூலம் ஒரு இருதய டாக்டரிடம் என்னை இழுத்துப்போனாள். மார்பெல்லாம் ஒயரை ஒட்டி, ஓடுகிற பட்டையில் ஏற்றினார்கள். பொய்யாக மூச்சு வாங்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த மிஷின் என்னைவிட நல்ல தணிக்கையாளர் என்று தெரிந்தது, ஓடினேன். மலையாளி டாக்டர், "மோளே, அச்சனு ஒரு குழப்பவும் இல்ல" என்று, எனக்கு ஒரு கோளாறும் இல்லை என்றார். அவள் அங்கேயே, நர்சுகள் பார்க்க, அழுதாள். சந்தோஷத்தில். திரும்பும் வழியில் கோயிலில் தேங்காய் உடைத்தாள். வீட்டில் எனக்குக் காப்பி கொடுக்கச் சொன்னாள். அந்தக் காப்பியை நான் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

அதோடு தப்பித்திருப்பேன். ஏற்பாடுகளைப் பேச ஒரு மாலை வாத்தியார் வந்தார்.

"ஏம்மா, இருந்து முடிச்சுண்டே வந்திருக்கலாமே" என்றார் மகளிடம். "நாள்தான் தள்ளிப்போயிடுத்தே."

"நான் கிளம்பினப்புறம்தானே மாமா மாறித்து?"

"கிளம்பினப்புறமா? நான் பம்பாய்லேர்ந்து வந்த அன்னிக்கே சொன்னேனே. வெள்ளிக்கிழமை. விளக்கேத்தற நேரம். கேளு, உங்கம்மாவும் இருந்தா."

மனைவி தலையாட்டினாள். "நாளைக்குப் பேசும்போது சொல்லிடுங்கோன்னு நான்தானேடி சொன்னேன்."

மகள் என்னைப் பார்த்தாள். வெள்ளிக்குப் பிறகு சனி. அவளுக்கு அதைக் கணக்குப் போட நேரம் ஆகவில்லை. நெஞ்சும் அந்த வழியாகவே அவளுக்குப் புரிந்தது என்று முகத்தில் தெரிந்தது. வாத்தியாருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் போனதும், அம்மா உள்ளே போகும் வரை காத்திருந்தாள்.

"வலிச்சுதா, இல்லையா?"

"சளி" என்றேன்.

கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவளோ எனக்கு ஒரு வழி சொன்னாள், எனக்குக் கொஞ்சமும் யோக்கியதை இல்லாத வழி.

"மேடம்கிட்ட நீங்கோ பேசணும் அப்பா. பொய் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். டாக்டர் பாத்தாச்சு, ஒண்ணுமே இல்லை, வீணாப் பயந்துட்டோம்னு சொன்னா போறும். அடுத்த வருஷம் இவ வரதுல எனக்கு ஆட்சேபம் இல்லைன்னு ஒரு வார்த்தை. நான் சொன்னா, வேலைக்காகச் சொல்றேன்னு தோணும். நீங்கோ சொன்னா நம்புவா. அவ நல்லவ. கூப்பிடுவா."

உண்மையைக்கூடக் கேட்கவில்லை அவள். இன்னொரு சின்னப் பொய்யைத்தான் கேட்டாள், அதுவும் என் மானத்தைக் காப்பாற்றும் பொய்.

மறுநாள் சாயங்காலம் கோட்டைப் பக்கம் இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனோம். வீட்டு ஃபோனில் வெளிநாட்டுக்குப் பேசும் வசதி நான் வாங்கவில்லை. கண்ணாடிக் கூண்டில் விசிறி ஓடவில்லை. கதவை மூடினால் வேகும் என்று பூத்துக்கார அம்மாள் சொன்னதால் திறந்தே வைத்தேன். மகள் வெளியே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். எண்ணை அவளே அழுத்திக் கொடுத்தாள்.

நான் யார் என்று சொன்னேன். முகாம் அம்மாள் உடனே என் உடம்பைப் பற்றி விசாரித்தார். அப்படி ஒரு விசாரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. என் அலுவலகத்தில் யாரும் என்னை அப்படி விசாரித்ததில்லை, அதற்கு நான் இடம் கொடுத்ததும் இல்லை. உங்கள் மகள் போனதிலிருந்து ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் குழந்தைகள் எழுந்து நின்று உங்களுக்காகப் பிரார்த்தனை செய்கிறார்கள் என்றார். ஏரிக்கரையில் முழங்கால் தெரியும் கால்சட்டையோடு வெள்ளைக்காரக் குழந்தைகள் வரிசையாக நின்று, பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒரு ஸ்ரீவராகத்துக்காரனின் நெஞ்சுக்காகக் கண்ணை மூடுகிறார்கள்.

அந்தக் குழந்தைகளிடம் எனக்கு ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? இப்படித்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் முழுக்க நிஜமில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. என் குரல் தானாகவே தணிந்தது. "மெதுவாக, மெதுவாகத் தேறி வருகிறேன்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். "கடவுள் அருள்" என்றேன். நடுவில் மூச்சும் விட்டேன்.

அந்த அம்மாள் நெகிழ்ந்துவிட்டார். ஒப்பந்தத்தைப் பற்றி உங்கள் மகள் கவலைப்படவே வேண்டாம் என்றார். இப்படிப்பட்ட நேரத்தில் மகள் அப்பா பக்கத்தில் இருப்பதுதான் முறை என்றார். அடுத்த வருஷமும் அவளைக் கூப்பிட்டுச் சங்கடத்தில் மாட்டிவிட மாட்டேன், அவள் மனசு எனக்குத் தெரியும், கூப்பிட்டால் உங்களுக்கும் வேலைக்கும் நடுவில் தவிப்பாள், அவளுடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறேன், நிம்மதியாக இருங்கள் என்றார்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"தேங்க் யூ, மேடம். யூ ஆர் வெரி கைண்ட்" என்றேன்.

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தேன். மகள் பூத்துக்கார அம்மாளிடம் காசைக் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். வடக்கிலிருந்து வந்த பஸ்கள் கூட்டத்தை இறக்கிக்கொண்டிருந்தன. பழவங்காடி தாண்டி, பூக்கடைகள் தாண்டி, ஸ்ரீவராகம் திரும்பும் வரை அவள் எனக்கு முன்னால் நடந்தாள். குளத்தங்கரையில் சொன்னாள்.

"நன்னா இங்கிலீஷ் பேசினேள்."

அவ்வளவுதான்.

ஆவணிக் கடைசியில், சரியான நட்சத்திரத்தில், சரியான முகூர்த்தத்தில் விசேஷம் நடந்தது. சமூக மடம் நிறைந்த கூட்டம். முகாம் மூடி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நானும் மனைவியும் ஈரத்துணி சுற்றிக்கொண்டு மணையில் உட்கார்ந்தோம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சல்லடை வழியே ஜலம் ஊற்றினார்கள். முதல் குடம் மகளுடையது. வாத்தியார் மந்திரத்தை உரக்கச் சொன்னார். அவள் குடத்தைச் சாய்க்கும் முன் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி அக்கறையாகக் கேட்டாள்.

"ஜலம் ரொம்ப சில்லுனு இருக்கு அப்பா. நெஞ்சு தாங்குமா?"

சுற்றி நின்ற பெண்கள் உருகிப்போனார்கள். "பாருங்கோ, எத்தனை கரிசனம்!" என்றாள் ஒரு மாமி. எதிர்வீட்டுக்காரர் தோளிலிருந்து துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய பிள்ளை அனுப்பிய கேமராவில்தான் இதெல்லாம் படமாகிக்கொண்டிருந்தது, எனக்காக இரவல் கொடுத்திருந்தார். நான் மேலே பார்த்தேன். அவள் என் பதிலுக்காக நிஜமாகவே காத்திருந்தாள்.

"தாங்கும்" என்றேன்.

முழுக் குடத்தையும் ஊற்றினாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த கோடையில் அவள் அந்த முகாமுக்கு எழுதிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் இல்லை. கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல வேலை. பிறகு கல்யாணம், பெங்களூர், வசதியான வீடு. அவளுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை என்று எனக்கு நானே எடுத்துச் சொல்லும்போது, அந்த அமெரிக்கக் கல்லூரியையும் கணக்கில் கழித்துக்கொண்டுதான் சொல்கிறேன். என் மனைவி இரண்டு மூன்று தடவை, "அவ அன்னிக்கு வராம இருந்திருந்தா உங்களுக்கு ஏதாவது ஆயிருக்கும்" என்றிருக்கிறாள். அவளுக்கு இன்னும் தெரியாது. மகள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்யும் ஒரே காரியம் அதுதான்.

சண்டை ஒன்றும் கிடையாது. விசேஷங்களுக்கு வருகிறாள். எனக்கு மாத்திரை டப்பா வாங்கி அனுப்புகிறாள். ஆனால் அந்த ஆவணிக்குப் பிறகு அவள் என்னிடம் எதற்கும் போகட்டுமா, செய்யட்டுமா என்று கேட்டதில்லை. மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்றாள், வேலையை மாற்றிவிட்டேன் என்றாள், குழந்தையை நீச்சலுக்குச் சேர்த்துவிட்டேன் என்றாள். எல்லாம் முடிந்த பிறகு, மரியாதையாக, ஒரு தகவலாக. நானும், "ரொம்ப சந்தோஷம்" என்கிறேன்.